அழையாமல் அடுப்பேறும் சட்டிகள்

காலை ஆறு மணி. கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, வாவிக்கரையோரம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் வலை வீசிவிட்டு வந்த ஒருவர் வாங்கில் குந்தி ஒரு பிளேன்டி கேட்கிறார். கொதிநீர், சாயம், சீனி, ஒரு துண்டு இஞ்சி. இரண்டு நிமிட வேலை. பத்து நிமிடமாகியும் தேத்தண்ணி வரவில்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்தால் ஓர் அடுப்பில் நண்டுக் கறி, மற்றதில் மத்தியானப் பருப்பு. மேசை நிறைய உரித்த வெங்காயம், திருவிய தேங்காய், இறால் கழுவும் பேசின். ஆறு மணிக்கு நண்டுக் கறி கேட்டவர் யாருமில்லை. கேத்திலை வைக்கத்தான் இடமில்லை.

காலையில் கணினியைப் போட்டதும் அதற்குள் நடப்பது இதுதான். கடவுச்சொல் கொடுத்தாயிற்று, திரையில் படம் வந்தாயிற்று, இனி வேலையைத் தொடங்கலாம் என்று வேர்டைச் சொடுக்குகிறோம். நீல வளையம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏறாவூரிலோ களுவாஞ்சிகுடியிலோ கொமியூனிகேஷன் கடைக்குக் காலையிலேயே போய்ப் பழகியவர்களுக்கு இந்த வளையத்தைத் தெரிந்திருக்கும். அடையாள அட்டைக்கு நகல் எடுக்க ஒருவர், பிள்ளையின் பாடசாலை விண்ணப்பம் அடிக்க ஒருவர் என்று வாசலில் ஆட்கள் நிற்க, கடைக்காரர் சொல்லும் சமாதானம் "கொம்பியூட்டர் பழசு" என்பது. அது பாதிதான் உண்மை. பழைய கணினியும் ஒரு வேலையை மட்டும் கொடுத்தால் ஓரளவு ஓடிவிடும். விடிந்ததும் விடியாததுமாக அதன் தலையில் பத்துப் பன்னிரண்டு வேலையைச் சேர்த்து ஏற்றியது யார் என்பதுதான் விஷயம்.

அந்தக் குசினியையே உள்ளே போய்ப் பார்ப்போம். பின்னால் இருக்கும் சாமான் அறைதான் டிஸ்க். அரிசி, மா, தூள், தேங்காய் எல்லாம் அங்கே நிரந்தரமாகக் கிடக்கும். சமைக்கும்போது எடுத்துப் பரப்பும் மேசை ரேம் நினைவகம். கடையைப் பூட்டும்போது மேசையைத் துடைத்துவிடுவதுபோல, மின்சாரம் நின்றால் அதிலிருப்பது போய்விடும். அடுப்படியில் நிற்கும் சமையற்காரர் புரொசசர். சாமான் அறைக்கும் மேசைக்கும் இடையில் ஓடி ஓடி எடுத்துக் கொடுக்க ஒரே ஓர் எடுபிடி ஆள். இந்த எடுபிடி ஆளைத்தான் பலரும் கவனிப்பதில்லை. காலைத் தாமதத்தின் பெரும்பகுதி அவருடைய காலில்தான் இருக்கிறது.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் சுழல, ஒரு முனை இங்கும் அங்கும் நகர்ந்து தரவை வாசிக்கிறது. மடிக்கணினிகளில் பொதுவாக நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருப்பதை வாசிக்கச் சொன்னால் அது நன்றாகவே ஓடும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்கச் சொன்னால் விநாடிக்கு ஏறத்தாழ நூறு துண்டுகளோடு மூச்சு வாங்கும். ஒரு மூடை அரிசியை ஒரே தூக்கில் கொண்டுவரும் ஆளிடம், "ஒரு சிட்டிகை மஞ்சள்", "இரண்டு ஏலம்", "கொஞ்சம் உப்பு" என்று பன்னிரண்டு பேர் பன்னிரண்டு மூலையிலிருந்து கத்தினால் எப்படி? ஒவ்வொரு செயலியும் தனியே பார்த்தால் சின்னதுதான். எல்லாம் ஒரே கணத்தில் கேட்பதுதான் வினை. எஸ்எஸ்டி வகையில் நகரும் முனையே கிடையாது. விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துக் கொடுக்கும். எஸ்எஸ்டி போட்ட கணினியில் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது மேசை. 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் விண்டோஸ் 10 தன் வீட்டுச் சாமானுக்கே ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொள்ளும். மிச்சப் பாதியில் அழையாத சட்டிகள் ஏறிக் குந்திவிட்டால், நீங்கள் வேர்டையும் ஒரு பிரவுசரையும் திறக்கும் நேரம் மேசை நிறைந்துவிடும். அப்போது விண்டோஸ் என்ன செய்யும்? மேசையில் இப்போதைக்குத் தேவையில்லாததைச் சாமான் அறைக்கே திருப்பி அனுப்பி, பேஜ் ஃபைல் என்ற மூலையில் வைக்கும்; தேவை வந்ததும் மறுபடி எடுத்துவரச் சொல்லும். ஏற்கெனவே களைத்துப்போன எடுபிடி ஆளுக்கு இன்னும் இரட்டை ஓட்டம். கணினிப் பெட்டியிலிருந்து கிர், கிர் என்று ஓயாமல் சத்தம் வருகிறதே, அது இந்த ஓட்டம்தான்.

சரி, இந்தச் சட்டிகளை ஏற்றச் சொன்னவர் யார்? குசினிச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது: "கடை திறந்ததும் செய்ய வேண்டியவை." ஒரு காலத்தில் அதை முதலாளியே கைப்பட எழுதினார். 1980களின் டாஸ் கணினிகளில் ஆட்டோஎக்ஸெக் என்றொரு சின்னக் கோப்பு இருந்தது. தொடங்கும்போது ஓட வேண்டியதைப் பாவனையாளர் வரி வரியாக அதில் எழுதி வைப்பார். 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ஸ்டார்ட்அப் என்றொரு கூடை. வேண்டிய நிரலின் படத்தை இழுத்து அதில் போடலாம். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது ரெஜிஸ்ட்ரி என்ற பெரிய பேரேடு முக்கிய இடத்துக்கு வந்தது. அதில் 'ரன்' என்றொரு பக்கம். நிறுவப்படும் எந்த நிரலும் தன் பெயரைத் தானே அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். பேனை முதலாளியின் கையிலிருந்து சாமான் கொண்டுவந்து போடுபவர்களின் கைக்குப் போனது இப்படித்தான். கடைக்குள் ஒருமுறை வர அனுமதி கொடுத்ததை, "நாளைக் காலையிலிருந்து என் சட்டிதான் முதலில்" என்று எழுதவும் அனுமதி கொடுத்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் பக்க நியாயமும் இல்லாமலில்லை. அரட்டைச் செயலி காலையிலேயே விழித்திருந்தால்தான் செய்தி வந்தவுடன் மணி அடிக்கும். பாட்டுச் செயலி முன்கூட்டியே மேசையில் இருந்தால், நீங்கள் சொடுக்கியதும் கண் இமைக்கும் முன் திறக்கும். அது வேகமான செயலி என்று நமக்கும் தோன்றும். அந்த வேகத்துக்கான விலையைக் கட்டுவது மற்ற எல்லா வேலையும். நாளுக்கு ஒருமுறைகூடத் திறக்காத செயலிக்கு இந்த விலை அநியாயம் என்பது என் கணக்கு.

கடதாசியைப் பார்க்க வேண்டுமா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மானேஜர் திறக்கும். விண்டோஸ் 11இல் இடது ஓரத்தில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' இருக்கும்; விண்டோஸ் 10இல் மேலே 'ஸ்டார்ட்அப்' என்ற தாவல். விண்டோஸ் 10இல் வெறும் சின்னப் பெட்டி மட்டும் வந்தால் அடியில் உள்ள 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைச் சொடுக்கினால் விரியும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் இந்தப் பட்டியல் இங்கே வந்தது. அதற்கு முன் எம்எஸ்கொன்ஃபிக் என்ற கருவியைத் தெரிந்தவர்கள் மட்டும் தேடிப் போனார்கள்.

படுவான்கரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி நகரத்துக் கடைக்கு வருகிறார் என்று வையுங்கள். "மனே, புதுசு ஒண்டு வாங்கத்தான் வேணுமா?" என்கிறார். கடைப் பொடியன், "பொறுங்க சேர், முதல்ல இதப் பாப்பம்" என்று பட்டியலைத் திறக்கிறான். ஸ்பொட்டிஃபை, டீம்ஸ், டிஸ்கோர்ட். சேருக்கு மூன்றும் யாரென்றே தெரியாது. ஸ்டீம் என்பது பேரன் விடுமுறைக்கு வந்தபோது போட்டுவிட்டுப் போன விளையாட்டுக் கடை. எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டருக்கு மை இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு நிரல். இல்லாத பிரிண்டரை அது இன்றைக்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. இப்படித்தான் இருக்கும் எல்லார் பட்டியலும்.

பட்டியலில் நாலு விஷயங்கள் தெரியும்: பெயர், வெளியிட்டவர், நிலை, பாதிப்பு. கடைசிப் பத்தியில் ஹை, மீடியம், லோ என்று இருப்பதைப் பலர் யாரோ கொடுத்த புள்ளி என்று நினைக்கிறார்கள். உங்கள் கணினியிலேயே விண்டோஸ் அளந்த கணக்கு அது. தொடங்கும்போது ஒரு செயலி புரொசசரை 1 விநாடிக்கு மேல் பிடித்துவைத்தால், அல்லது டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் எழுதி வாசித்தால், அது ஹை. 300 மில்லிவிநாடிக்கும் 300 கேபிக்கும் குறைவாக நின்றால் லோ. இடைப்பட்டது மீடியம். சமையற்காரரின் நேரமும் எடுபிடி ஆளின் ஓட்டமும், அவ்வளவுதான் அளவு. ஒரு செயலி நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. ஹை என்று வரும் வைரஸ் தடுப்பு நிரல் அங்கே இருக்க வேண்டியதுதான். லோ என்று வரும் மை விசாரிப்பு நிரல் போக வேண்டியதுதான்.

அதே திரையின் வலது மேல் மூலையில் 'லாஸ்ட் பயோஸ் டைம்' என்று சில விநாடிகள் காட்டும். விண்டோஸ் குசினிக்குள் காலடி வைப்பதற்கு முன், வன்பொருள் தன்னைத் தானே சோதித்துக்கொண்ட நேரம் அது. அங்கே இருபது, முப்பது விநாடி போகிறதென்றால் அந்தப் பகுதியை இந்தப் பட்டியலால் ஒன்றும் செய்ய முடியாது.

வேண்டாத பெயரில் வலது சொடுக்கு, 'டிசேபிள்'. தீர்ந்தது. சட்டியை வெளியே எறிந்துவிட்டோமோ என்று பயப்பட ஒன்றுமில்லை. சட்டி அலுமாரியில்தான் இருக்கிறது, கேட்டால் வரும். விண்டோஸ் 'ரன்' பக்கத்து வரியை அழிப்பதுகூட இல்லை. இந்த வரிக்கு அனுமதி இல்லை என்று வேறொரு பக்கத்தில் ஓர் அடையாளம் போட்டு வைக்கிறது. மனம் மாறினால் அதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்தால் மறுநாள் காலையிலிருந்து பழையபடி. ஆகையால் துணிந்து வெட்டலாம். சில செயலிகள் புதுப்பித்துக்கொள்ளும்போது வேறு பெயரில் புது வரி எழுதிவிடும். அதற்காக அவ்வப்போது பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

எதை வெட்டக் கூடாது? நம் பக்கத்தில் பலர் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் தமிழ்த் தட்டச்சு. பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் அதே விசை முறையில் யுனிகோட் அடிக்க இ-கலப்பையையோ என்எச்எம் ரைட்டரையோ வைத்திருப்பார்கள். அவை கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன அடையாளமாக உட்கார்ந்திருந்தால்தான் விசை தமிழாக மாறும். பெயர் புரியவில்லை என்று அதை வெட்டிவிட்டால் மறுநாள் காலை விண்ணப்பம் அடிக்கும்போது திரையில் ஆங்கில எழுத்துகள் குழம்பி வரும். விண்டோஸ் செக்யூரிட்டி, வேறு வைரஸ் தடுப்பு, ஒலிக்கான நிரல், மடிக்கணினியின் தொடுபலகை நிரல் இவற்றையும் விட்டுவிடுங்கள். இவை தண்ணீர் அள்ளி நெருப்பு மூட்டுகிறவர்கள். இவர்கள் வராவிட்டால் தேத்தண்ணியே இல்லை. ஒன்டிரைவ் ஆளைப் பொறுத்தது. கோப்புகளை அதில்தான் சேமிக்கிறீர்கள் என்றால் இருக்கட்டும். என்னவென்றே தெரியாதென்றால் முதலில் உங்கள் டெஸ்க்டொப்பும் டொக்கியுமென்ட்ஸும் அதற்குள் போகின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அலுவலகம், வங்கி, வைத்தியசாலைக் கணினிகளில் கைவைக்க வேண்டாம்; அங்கே முதலாளி வேறு ஆள்.

இந்தப் பட்டியலில் வராமலே காலையில் எழும்புகிறவர்களும் உண்டு. குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓட விடலாமா என்று அதன் செட்டிங்ஸில், சிஸ்டம் பகுதியில் ஒரு தெரிவு இருக்கிறது. எட்ஜில், திறக்கும் முன்பே தயாராகி நிற்கும் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்றொரு தெரிவும் உண்டு. விண்டோஸின் அக்கவுன்ட்ஸ் பகுதியில், 'சைன் இன் ஒப்ஷன்ஸ்' என்பதற்குள், நேற்று திறந்திருந்த செயலிகளை இன்றைக்குத் தானே திறக்கும் தெரிவு ஒன்று. பழைய ஸ்டார்ட்அப் கூடையும் இன்னும் உயிரோடு இருக்கிறது: விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ஷெல் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் ஸ்டார்ட்அப் என்று எழுதினால் திறக்கும். இவற்றுக்கும் அடியில் சேவைகள், டாஸ்க் ஷெடியூலர் என்று இரண்டு அடுக்கு. எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க ஓட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி உண்டு. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் கொக்ஸ்வெலும் எழுதியது. 2006இல் அவர்களது நிறுவனத்தை மைக்ரோசொஃப்ட் வாங்கிய பிறகு மைக்ரோசொஃப்ட் தளத்திலேயே கிடைக்கிறது. அதில் எதையும் அழிக்காதீர்கள், சரி அடையாளத்தை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கணினியை வேகமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் 'கிளீனர்' மென்பொருள்கள் தேவையே இல்லை. அவற்றில் பல செய்யும் முதல் வேலை, இதே கடதாசியில் தன் பெயரை எழுதிக்கொள்வது.

மக்கில் இதே பட்டியல் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், 'லொகின் ஐட்டம்ஸ்' என்ற வழியில் இருக்கிறது. உபுண்டுவில் ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ். வேலை ஒன்றுதான்.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஊர்களை ஏ, பி, சி என்று எழுத்து வாரியாகப் பிரித்து அட்டவணை போட்டார்கள். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி ஒவ்வொரு வெட்டுக்கும் அப்படியே விழுந்து, கரன்ட் வந்ததும் அடியிலிருந்து எழும்ப வேண்டியிருந்தது. வழமையாக நாம் 'ஷட் டவுன்' கொடுக்கும்போது விண்டோஸ் 8இலிருந்து வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' தன் அடிப்படைப் பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். இரவில் தணலை மூடி வைப்பதுபோல, காலையில் ஊதினால் பற்றிவிடும். திடீர் மின்வெட்டில் அதற்கு நேரமில்லை. எப்படி எழும்பினாலும் சுவர்க் கடதாசி முதல் வரியிலிருந்து ஓடும். மின்சாரம் இருந்த சில மணித்தியாலங்களில் ஒரு பங்கை இந்தச் சட்டிகள்தான் தின்றன. இப்போது நிலைமை அப்படியில்லை. ஆனாலும் மின்னல் மழைக் காலத்தில் கரன்ட் போய் வரும் எந்த ஊருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

டேட்டாவும் இதேபோலத்தான். கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டில் கணினியை இணைத்தால், காலையில் எழும்பும் செயலிகள் புதுப்பிப்பும் ஒத்திசைவும் என்று உங்கள் பக்கேஜை உறிஞ்சத் தொடங்கும். பட்டியலை வெட்டுவதோடு, அந்த வைஃபை இணைப்பின் அமைப்பில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதையும் போட்டுவிட்டால் விண்டோஸ் தன் பெரிய தரவிறக்கங்களைப் பெரும்பாலும் தள்ளிப்போடும்.

கடதாசியில் களவாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 2008 இறுதியில் உலகெங்கும் பரவிய கொன்ஃபிக்கர் புழு பென்டிரைவ் வழியாகவும் ஏறியது. செருகியதும் தானே ஓடும் வசதியை அது பயன்படுத்திக்கொண்டது. 2011 பெப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் அந்த வசதியை மைக்ரோசொஃப்ட் அடைத்தது. வாசல் ஒன்று அடைபட்டாலும், ஒருமுறை உள்ளே வந்த தீநிரல் நிலைத்து நிற்க இன்றும் அடிக்கடி பிடிக்கும் இடம் இந்தத் தொடக்கப் பட்டியல். நகலெடுக்க வரும் பத்துப் பேரின் பென்டிரைவ் ஏறும் கடைக் கணினியில் இது கவனிக்க வேண்டியது. வெளியிட்டவர் பெயர் இல்லாமல், பொருளற்ற எழுத்துக் கோவையாக ஒரு வரி இருந்தால் அதில் வலது சொடுக்கு, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்'. டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறையிலிருந்து அது ஓடுகிறதென்றால் சந்தேகம் நியாயம். வெட்டுவதோடு நிற்காமல் முழு வைரஸ் சோதனையும் ஓட்டுங்கள். வெளியிட்டவர் பெயர் இல்லாதது மட்டும் குற்றமல்ல. தனியாள் எழுதிய சின்னக் கருவிகள் பலவற்றுக்கும் அது இருக்காது.

இவ்வளவும் செய்து, 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பார்த்த பிறகும் வளையம் சுற்றிக்கொண்டே இருந்தால், குறை பெரும்பாலும் எடுபிடி ஆளிடம்தான். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள். முடிந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். இரண்டும் சேர்ந்தாலும் புதுக் கணினியின் விலையில் சிறு பங்குதான். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு வழமையான ஆதரவு முடிந்ததைச் சொல்லி, பழையது இனி மெதுவாகிவிடும் என்று யாராவது புதுசு விற்க வந்தால் நம்பாதீர்கள். அந்தத் திகதி பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பற்றியது. அதற்குத் தனியாக வழி தேட வேண்டியதுதான், வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் அந்த மூன்று விசைகளையும் ஒருமுறை அழுத்தி, உங்கள் கடதாசியில் யார் யார் பெயர் இருக்கிறதென்று பார்த்துவிடுங்கள்.